ஆறும் பட்டறையும்

நுழையும்முன்

கொங்கு நாட்டின் செல்வம் பேராலைகளால் மட்டும் விளைந்ததன்று. தெருமுனைகளிலும் தோட்டத்துச் சாளைகளிலும் இயங்கும் பல்லாயிரம் சிறுபட்டறைகளாலும் விளைந்தது. அப்பட்டறைகள் சந்தையில் நிலைத்து நிற்க வேண்டும். அவற்றில் உழைப்போர் திறன் பெற வேண்டும். அவை பயன்படுத்தும் நீரும் நிலமும் கெடாதிருக்க வேண்டும். இம்மூன்றும் ஒன்றோடொன்று மோதுபவையா, ஒன்றையொன்று தாங்குபவையா? நொய்யலாற்றின் அண்மைக்கால வரலாறு இவ்வினாவிற்கு விடை தருகிறது.

கொடுமணல் தொடங்கி

ஈரோடு மாவட்டத்தில், சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலின் கரையில் கொடுமணல் என்னும் சிற்றூர் உள்ளது. அங்கு நிகழ்ந்த அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகளின் தடயங்களும், அரிய கற்களை அறுத்து மணிகளாக்கிய பட்டறைகளின் எச்சங்களும் வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து குறிப்பிடும் கொடுமணம் இவ்வூரே என்பது அறிஞர் கருத்து. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நொய்யற்கரையில் கைத்திறனும் வணிகமும் கைகோத்து நடந்தன என்பதற்கு இதனினும் சான்று வேண்டியதில்லை.

இக்காலத் தொழில்வளம் கோவையில் 1888ஆம் ஆண்டு தோன்றிய நூற்பாலையோடு தொடங்குகிறது. 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் வந்தடைந்ததும் ஆலைகள் பெருகின. ஆலைக்கு வேண்டிய உதிரிப் பாகங்களைச் செய்து தரப் பட்டறைகள் எழுந்தன. மழைமறைவு நிலமாகிய கொங்கில் கிணறுகள் ஆழமாயின. ஆழ்கிணற்றிலிருந்து நீரிறைக்கப் பம்புகள் தேவைப்பட்டன. 1937இல் ஜி.டி. நாயுடு போன்றோரின் முயற்சியால் மின்மோட்டார் உள்நாட்டிலேயே உருவாயிற்று. வார்ப்படம், கடைசல், மோட்டார், பம்பு, மாவரைக்கும் வெட்கிரைண்டர் என ஒரு தொழில் மற்றொன்றை ஈன்றது. திருப்பூரில் பின்னலாடை, சோமனூரிலும் பல்லடத்திலும் விசைத்தறி, பவானியில் ஜமக்காளம், கரூரில் வீட்டுப்பயன் துணிகள், பொள்ளாச்சியில் தென்னைநார் என ஊர்தோறும் ஒரு தொழில் வேரூன்றியது.

இவ்வளர்ச்சி தனிமனித ஊக்கத்தால் மட்டும் நிகழவில்லை. 1926இல் தோன்றிய பி.எஸ்.ஜி. தொழிற்பயிற்சிக்கூடம், 1945இல் தொடங்கப்பெற்ற அரசுத் தொழில்நுட்பக் கல்லூரி, 1956இல் அமைந்த தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிக் கழகமாகிய சிட்ரா, 1969இல் சிறுதொழில் முனைவோர் ஒன்றுகூடி அமைத்த கொடிசியா, 1970இல் அரசு நிறுவிய சிட்கோ ஆகிய அனைத்தும் அவ்வூக்கத்திற்குத் தோள்கொடுத்தன. தனியார் முயற்சியும் பொது நிறுவனங்களும் கலந்த இக்கலவையே கொங்கின் தொழில்மரபு. அரசு ஒதுங்கி நின்றால் தொழில் தானே வளரும் என்னும் கூற்றும், அரசே எல்லாம் செய்யும் என்னும் கூற்றும் இம்மரபிற்குப் பொருந்தா.

சிறுமையின் வலிமையும் நலிவும்

கோவையில் ஒரு பம்பு உருவாகும் வழியை எண்ணிப் பார்க்கலாம். ஒரு பட்டறை இரும்பை வார்க்கிறது; மற்றொன்று அதனைக் கடைகிறது; வேறொன்று செம்புக் கம்பியைச் சுற்றுகிறது; பிறிதொன்று வண்ணம் பூசுகிறது. நான்கு தெருக்களுக்குள் ஒரு தொழிற்சாலையே பரந்து கிடக்கிறது. பெருமுதல் இல்லாதவரும் தொழில்முனைவோராக இம்முறை இடமளிக்கிறது. நேற்று லேத் பட்டறையில் கூலிக்கு நின்றவர் இன்று பழைய இயந்திரம் ஒன்றை வாங்கித் தனிப்பட்டறை வைக்கிறார். கொங்கில் தொழிலாளியும் முதலாளியும் ஒரே குடும்பத்தின் இரு தலைமுறைகளாக இருப்பது அரிய காட்சியன்று.

ஆயினும் சிறுமைக்கே உரிய நலிவுகளும் உண்டு. பொருளின் தரத்தைச் சோதிக்கும் ஆய்வகத்தை ஐந்து பேர் வேலை செய்யும் பட்டறை தனித்து அமைக்க இயலாது. கழிவுநீரைத் தூய்மையாக்கும் நிலையத்தையும் அது கட்ட இயலாது. மூலப்பொருளின் விலையையோ செய்த பொருளின் விலையையோ உறுதிசெய்யும் ஆற்றல் அதற்கில்லை. இவற்றினும் கொடிது, செய்துகொடுத்த வேலைக்கு உரிய நேரத்தில் பணம் வாராமை.

இக்குறையை நீக்கவே 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் வளர்ச்சிச் சட்டம் ஒரு நெறியை வகுத்தது. எழுத்துவழி ஒப்பந்தம் இருப்பினும் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி சேரும். சட்டம் கடுமையானதே. ஆனால், வட்டி கேட்டு முறையிடும் பட்டறைக்கு அடுத்த மாதம் வேலை கிடைக்குமா என்னும் அச்சம் சட்டத்தைவிடக் கடுமையானது. எளியவன் வலியவன்மேல் வழக்குத் தொடுத்தால்தான் நீதி கிடைக்கும் என்றிருக்கும்வரை அந்நீதி ஏட்டளவில் நிற்கும்.

2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த வருமான வரிச் சட்டத் திருத்தம் இவ்விடத்தில் ஒரு படி முன்னேறியது. குறு, சிறு நிறுவனங்களுக்குரிய தொகையைக் காலத்தில் செலுத்தாதவர், அத்தொகையை அவ்வாண்டின் செலவாகக் கணக்கிட்டு வரிச்சலுகை பெற முடியாது. பட்டறைக்காரர் முறையிடாமலேயே சட்டம் செயல்படத் தொடங்குகிறது. இதனால் சில வணிகர்கள் பதிவுபெறாத பட்டறைகளை நாடக்கூடும் என்னும் கவலையும் எழுந்தது. அக்கவலைக்கு மருந்து சட்டத்தைத் தளர்த்துவதன்று. எல்லாப் பட்டறைகளையும் பதிவுக்குள் கொண்டுவருவதே.

ஆலையில்லா ஊரும் அணைக்கட்டின் அவலமும்

போட்டித்திறனைப் பணவரவால் மட்டும் அளந்தால் நேரும் தீங்கினை நொய்யல் காட்டுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர், ஈரோடு, கரூர் மாவட்டங்களைக் கடந்து காவிரியில் கலக்கும் ஆறு அது. அதன் கரையில் திருப்பூர் உலகச் சந்தைக்குப் பின்னலாடை நெய்தது. 1980களிலும் 1990களிலும் ஏற்றுமதி பெருகப் பெருகச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின.

பருத்தித் துணியில் சாயம் பற்றுவதற்கு உப்பு வேண்டும். அடர்ந்த நிறமாயின் ஒரு லிட்டர் சாயநீரில் 50 கிராமுக்கு மேலும் உப்பு சேர்ப்பர். துணி சாயத்தை ஏற்றுக்கொள்ளும்; உப்பை ஏற்பதில்லை. அஃது அவ்வளவும் கழிவுநீரோடு வெளியேறும். 1990களில் கட்டப்பெற்ற பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் நிறத்தை ஓரளவு நீக்கின. கரைந்திருந்த உப்பை நீக்கும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. ஒரு லிட்டர் நீரில் கரைந்துள்ள திடப்பொருள் 2,100 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது மாசுக் கட்டுப்பாட்டு விதி. அவ்விதி ஏட்டில் இருந்தது. உப்பு ஆற்றில் ஓடியது.

வேளாண் பாசனத்திற்கெனச் சென்னிமலை வட்டாரத்தில் ஒரத்துப்பாளையம் அணை 1992இல் கட்டி முடிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு தேங்கும் குட்டையாயிற்று. அணையைத் திறந்து விடுங்கள் என்று உழவர் வேண்டுவது உலக வழக்கம். இங்கோ, அணையைத் திறக்க வேண்டா என்று உழவர் வேண்டினர். திறந்தால் வயல் உவர்ந்துவிடும். தேக்கி வைத்தாலோ சுற்றிலுமுள்ள கிணறுகள் உவர்ந்துவிடும். பாசனத்திற்காகக் கட்டிய அணை பாசனத்திற்கே பகையாயிற்று.

இது யார் குற்றம்? சாயப்பட்டறைக்காரரின் பொறுப்பின்மையும் உண்டு. உரிமம் வழங்கிவிட்டு உப்பு எங்கே போகும் என்று கேளாத நிருவாகத்தின் பாராமுகமும் உண்டு. மலிவு விலையில் ஆடை கேட்டு, அம்மலிவின் மறைவிலையை எங்கோ உள்ள ஓர் ஆற்றின் தலையில் சுமத்திய சந்தையின் போக்கும் உண்டு. ஒருவர்மேல் மட்டும் பழி சுமத்தினால் தீர்வும் ஒருபக்கமாகவே அமையும்.

> தெரியுமா?
> தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பா, காந்தியப் பொருளியலை வகுத்தவர்களுள் முதன்மையானவர். இயற்கையின் சுழற்சியைக் குலைக்காத உற்பத்தியே நிலைத்து நிற்கும் என்னும் கருத்தை முன்வைத்து அவர் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ என்னும் ஆங்கில நூல் 1940களில் வெளிவந்தது. சுற்றுச்சூழல் என்னும் சொல் அரசியல் மேடைகளில் ஒலிப்பதற்கு முன்பே எழுந்த குரல் அது.

கதவடைத்த ஆணை

நொய்யல் பாசன உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். மாசுபடுத்துவோரே அதற்குரிய செலவை ஏற்க வேண்டும் என்னும் கோட்பாட்டை, தமிழகத் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இலேயே நிலைநாட்டியிருந்தது. அவ்வழியில், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறலாகாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2006 டிசம்பரில் ஆணையிட்டது. 2009இல் உச்ச நீதிமன்றமும் உழவர் பக்கமே நின்றது. ஆணைகள் முழுமையாக நிறைவேறாத நிலையில், 2011 ஜனவரி இறுதியில் திருப்பூரின் சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடுமாறு உயர் நீதிமன்றம் ஆணை பிறப்பித்தது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளும் அவற்றிற்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களும் இயக்கத்தை நிறுத்தின.

அதன் விளைவு சாயப்பட்டறையோடு நிற்கவில்லை. சாயமிடாத துணியைத் தைக்க இயலாது. தைக்காத ஆடையைத் தேய்த்துப் பெட்டியில் அடுக்க இயலாது. ஒரு கண்ணி அறுந்ததும் சங்கிலி முழுவதும் தளர்ந்தது. பிழைப்பை நாடித் தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்த தொழிலாளர் பலர் மூட்டை கட்டிக்கொண்டு ஊர் திரும்பினர். மறைவாகச் சாயமிடும் வழக்கம் பிற மாவட்டங்களுக்குப் பரவியதாகச் செய்திகளும் வந்தன. ஓர் ஆற்றைக் காக்கும் ஆணை மற்றோர் ஆற்றிற்குத் தீங்காகும் இடர் தோன்றியது.

மாநில அரசு இவ்விடத்தில்தான் கைகொடுத்தது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் புதிய தொழில்நுட்பத்தோடு நிறைவுசெய்ய வட்டியில்லாக் கடனாக ரூ.200 கோடி வழங்க முன்வந்தது. நுண்ணுயிர்களால் கழிவை மட்கச் செய்தல், நுண்துளைச் சவ்வுகளின் வழியே அழுத்தத்தால் நீரைப் பிரித்தெடுத்தல், எஞ்சிய உப்புநீரைக் கொதிகலன்களில் ஆவியாக்குதல் எனப் படிப்படியான முறைகள் செயற்பட்டன. பிரித்தெடுத்த நீரின் பெரும்பகுதி மீண்டும் சாயத்தொட்டிக்கே திரும்பியது. உப்புக் கரைசலையும் மீண்டும் பயன்படுத்தும் வழி கண்டறியப்பட்டது. முன்பு லாரிகளில் விலைக்கு வாங்கிய நீரை ஒருமுறை பயன்படுத்தி ஆற்றில் விட்டவர்கள், அந்நீரையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தக் கற்றனர்.

இன்று திருப்பூரின் ஆண்டு ஏற்றுமதி ரூ.40,000 கோடியை ஒட்டி நிற்கிறது. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள், ஆடையின் விலையோடு அதன் நீர் எங்கே போனது என்றும் கேட்கின்றன. அவ்வினாவிற்கு விடை சொல்லக்கூடிய ஊராகத் திருப்பூர் மாறியிருக்கிறது. தொழிலைக் கொன்றுவிடும் என்று அஞ்சப்பட்ட கட்டுப்பாடே பின்னர்த் தொழிலின் தகுதிச் சான்றாயிற்று.

இரு தடைகளும் விடைகளும்

இங்கு இரு தடைகள் எழுப்பப்படலாம். முதலாவது: மாசுபடுத்தியவருக்கு மக்கள் வரிப்பணத்தைக் கடனாகத் தருவது முறையா? மாசுபடுத்தியவரே ஈடுசெய்ய வேண்டும் என்னும் கோட்பாட்டிற்கு அது முரணன்றோ? இவ்வினா நேர்மையானது. ஆயினும், அரசு தந்தது கடன்; ஆற்றைக் கெடுக்கும் உரிமையன்று. சுத்திகரிப்பு நிலையத்தை நடத்தும் அன்றாடச் செலவைப் பட்டறைகளே ஏற்கின்றன. தொடக்க முதலீட்டில் மட்டும் அரசு துணைநிற்பதும், மாசின் செலவை அரசே சுமப்பதும் வேறுவேறு. முன்னது தூய்மையை விரைவுபடுத்தும். பின்னது மாசிற்கு மானியம் வழங்கும். கொள்கை வகுப்போர் இவ்வேறுபாட்டை மறத்தல் ஆகாது.

இரண்டாவது: இத்தகைய கடும் விதிகள் சிறியோரை வீழ்த்திப் பெரியோரை மட்டும் வாழவைக்குமன்றோ? தனித்தனியே சுமத்தினால் அவ்வாறே நேரும். ஆகவேதான் பொதுநிலையம் என்னும் கருத்து இன்றியமையாததாகிறது. ஊர்கூடித் தேரிழுப்பது நம் மரபு. தனியொருவரால் அசைக்கவும் முடியாத தேரை ஓராயிரம் கைகள் சேர்ந்து நான்கு வீதியும் வலம் வரச் செய்கின்றன. இத்தாலி நாட்டில் சிறு நெசவாலைகள் நிறைந்த பிராட்டோ நகரிலும் கழிவுநீரைப் பொதுநிலையத்தில் தூய்மையாக்கித் தொழிலகங்களுக்கே திருப்பித் தரும் ஏற்பாடு நெடுங்காலமாக உள்ளது. கோவையில் சிறுதொழில் முனைவோர் சேர்ந்து அமைத்த சிட்டார்க் ஆய்வகத்தில் பம்புகளின் தரமும் மின்சிக்கனமும் சோதிக்கப்படுகின்றன. தனித்து இயலாததைச் சேர்ந்து செய்தல் என்னும் அதே நெறி இங்கும் விளங்குகிறது.

எனினும், நொய்யலின் கதை முழு வெற்றியன்று. உப்புநீரை ஆவியாக்க எரிபொருள் பெருமளவில் வேண்டியிருக்கிறது. நீரைக் காக்கும் முயற்சி காற்றில் கரியைக் கூட்டுகிறது. பிரித்தெடுக்க இயலாத கலவை உப்பு மூட்டைகளாகத் தேங்குகிறது. பல்லாண்டுகள் மண்ணில் ஊறிய உவர்ப்பு ஓராணையால் நீங்கிவிடாது. நகரங்களின் வீட்டுக் கழிவுநீரும் குப்பையும் நொய்யலில் கலப்பது நின்றபாடில்லை. ஆற்றைக் கெடுப்பதில் பட்டறைக்கு மட்டுமன்று, வீட்டிற்கும் பங்குண்டு. குறைந்த உப்பில் சாயமேற்றும் முறை, கதிரொளி வெப்பத்தால் உப்புநீரை ஆவியாக்கும் முறை ஆகியவற்றில் ஆய்வுகள் விரைய வேண்டும். அவ்வாய்விற்குச் செலவிடும் பணம் பட்டறைக்கும் பயன்தரும், ஆற்றிற்கும் பயன்தரும்.

கைத்திறனே மூலதனம்

எத்துணை நுட்பமான இயந்திரமும் அதனை இயக்குவோரின் அறிவளவிற்கே பயன்தரும். சுத்திகரிப்பு நிலையத்தின் சவ்வு அடைபடுவதை உரிய நேரத்தில் உணரும் தொழிலாளி இல்லையேல், கோடிகள் செலவிட்ட நிலையமும் வெறுங்கட்டடமே. கழிவுத்தொட்டியில் நச்சுக்காற்று இருக்கும் என்பதை அறியாமல் இறங்கி உயிரிழப்போரைப் பற்றிய செய்திகள் இன்றும் ஓயவில்லை. அங்கே இல்லாதது காப்புக் கருவி மட்டுமன்று, பயிற்சியும்தான்.

திறன் வளர்ச்சிக்கு அரசின் திட்டங்கள் பல உள்ளன. 1961ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டமும், பழகுநர் உதவித்தொகையின் ஒரு பங்கை நடுவண் அரசு ஏற்கும் வகையில் 2016இல் வந்த திட்டமும், 2022இல் தமிழக அரசு தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டமும் குறிப்பிடத்தக்கவை. மாநிலத்தின் 71 அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் புதிய இயந்திரங்களோடு மேம்படுத்தப்பட்டுள்ளன. பள்ளிக் கல்வியை முடிக்கும் மாணவர் ஒருவர் கணினிவழிக் கடைசல் இயந்திரத்தை இயக்கவோ, எந்திரனைப் பழுதுபார்க்கவோ கற்கும் வாய்ப்பு இன்று அவரது மாவட்டத்திலேயே இருக்கிறது.

ஆயினும் பயிற்சி என்னும் சொல்லே தவறாகப் பயன்பட்ட வரலாறும் கொங்கில் உண்டு. நூற்பாலைகள் சிலவற்றில், ‘சுமங்கலித் திட்டம்’ என்னும் பெயரால் இளம்பெண்களைப் பழகுநர் என அமர்த்தி, விடுதியில் அடைத்து, ஒப்பந்தக் காலம் முடிந்த பின்னரே திருமணத்திற்கு உதவும் தொகை எனப் பணம் தந்த வழக்கம் கடும் கண்டனத்திற்கு உள்ளாயிற்று. முழு வேலை வாங்கிவிட்டு முழு ஊதியம் மறுப்பதற்குப் பயிற்சி என்னும் பெயர் போர்வையாகலாகாது. பயிற்சி முடிந்ததும் கையில் சான்றிதழும், அச்சான்றிதழுக்கு எந்தப் பட்டறையிலும் மதிப்பும், அம்மதிப்பிற்கு ஏற்ற ஊதியமும் கிடைக்குமாயின் அதுவே பயிற்சி. ஏனையவை மலிவான உழைப்பைப் பெறும் வழிகளே.

இன்னுமொன்றும் கருதத்தக்கது. இன்றைய கோவை, திருப்பூர்ப் பட்டறைகளில் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையினராக உழைக்கின்றனர். பாதுகாப்பு அறிவிப்புப் பலகையைப் படிக்க இயலாத ஒருவரிடம் பாதுகாப்பை எதிர்பார்ப்பது பொருந்தாது. அவர்தம் மொழியிலும் பயிற்சி அளிப்பது அறமும் ஆகும். உற்பத்திக்கு ஆக்கமும் ஆகும்.

கொள்கைகள் சேரவேண்டிய இடம்

அரசின் உதவிகளை இருவகையாகப் பிரித்துக் காணலாம். உயிர்காக்கும் உதவி ஒன்று. உயர்த்திவிடும் உதவி மற்றொன்று. விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1,000 அலகுவரை கட்டணமில்லா மின்சாரம் வழங்குவது முதல்வகை. நூல் விலையும் கூலியும் ஏறி இறங்கும் நாள்களில் அவ்வுதவி பல தறிகளை ஓடச் செய்கிறது. ஆனால், அதனால் மட்டும் தறி புதிதாகாது, துணி மேம்படாது. தறியை மாற்றவும், தரத்தைச் சோதிக்கவும், மின்னுகர்வைக் குறைக்கவும் துணைசெய்வது இரண்டாம் வகை. முதல்வகை உதவி இரண்டாம் வகைக்குப் பாலமாக அமைய வேண்டும். பாலத்திலேயே குடியிருப்பது பயணம் ஆகாது.

நடுவண் அரசு 2016இல் தொடங்கி 2022இல் திருத்தியமைத்த ‘செட்’ தரச்சான்றுத் திட்டம் இரண்டாம் வகையைச் சார்ந்தது. குறையில்லாப் பொருள், சுற்றுச்சூழலுக்குத் தீங்கில்லா உற்பத்தி ஆகிய இரண்டையும் ஒரே சான்றிதழில் இணைப்பது அதன் நோக்கம். சான்றிதழ்க் கட்டணத்தில் குறு நிறுவனங்களுக்கு 80 விழுக்காடும், சிறு நிறுவனங்களுக்கு 60 விழுக்காடும், நடுத்தர நிறுவனங்களுக்கு 50 விழுக்காடும் மானியம் உண்டு. நோக்கம் நன்று. ஆயினும், சுவரில் மாட்டிய சான்றிதழால் மின்கட்டணம் குறையாது. சான்று பெற்ற பட்டறை ஓராண்டில் எத்துணை அலகு மின்சாரத்தையும், எத்துணை லிட்டர் நீரையும், எத்துணைக் கிலோ கழிவையும் குறைத்தது என்று அளந்து, அவ்வளவிற்கேற்ப வங்கி வட்டியில் சலுகை தருமாறு அமைத்தல் வேண்டும். அப்போது தூய்மை செலவாகத் தோன்றாது, வரவாகத் தோன்றும்.

2025 ஏப்ரல் முதல் தொழில் நிறுவனங்களின் வரையறை விரிவுபடுத்தப்பட்டது. ஆண்டு விற்றுமுதல் ரூ.10 கோடிவரை குறுநிறுவனம், ரூ.100 கோடிவரை சிறுநிறுவனம், ரூ.500 கோடிவரை நடுத்தர நிறுவனம். வளர்ந்தால் சலுகை போய்விடுமே என்று அஞ்சி வளராதிருக்கும் நிலையை இது மாற்றும் என்பது உண்மை. அதே வேளையில், ஒற்றை லேத் இயந்திரத்தோடு தொழில் நடத்துபவரும் கோடிக்கணக்கில் விற்பனை செய்பவரும் ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது. வரிசை ஒன்றாயினும் வாயில் வேறாக இருக்க வேண்டும். மிகச்சிறிய பட்டறைகளுக்கெனத் தனிப் பங்கீடு இல்லையேல், படிவம் நிரப்பத் தெரிந்தவரே பயன்பெறுவர். பட்டறை நடத்தத் தெரிந்தவர் வெளியே நிற்பர்.

உலகச் சந்தையும் இத்திசையிலேயே நகர்கிறது. இரும்பு, எஃகு, அலுமினியம் முதலிய பொருள்கள் உற்பத்தியாகையில் வெளியாகும் கரியளவைக் கணக்கிட்டு அறிவிக்க வேண்டும் என்னும் நெறியை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் நடைமுறைப்படுத்தியது. இன்று சாயப்பட்டறைக்கு வந்த சோதனை நாளை கோவையின் வார்ப்படப் பட்டறைக்கும் வரலாம். நிலக்கரி உலையை மின்தூண்டல் உலையாக மாற்றுவதும், ஒருமுறை பயன்படுத்திய வார்ப்பு மணலை மீட்டெடுப்பதும், கூரையில் சூரியமின் தகடு பதிப்பதும் அச்சோதனைக்கான முன்னேற்பாடுகள். நொய்யலில் இருபது ஆண்டுகள் காத்திருந்து நீதிமன்றம் கதவடைத்த பின்னர் விழித்ததைப்போல் இங்கும் காத்திருக்க வேண்டியதில்லை.

காலம் தாழ்த்தியதன் விலையே நொய்யல் கற்பிக்கும் தலையாய பாடம். 1990களின் தொடக்கத்திலேயே பொதுநிலையத்திற்கான முதலீடும், கண்டிப்பான மேற்பார்வையும், தொழிலாளர்க்கான பயிற்சியும் ஒன்றாக வந்திருந்தால், உழவர் நிலம் உவர்ந்திராது, தொழிலாளர் ஊர் திரும்பியிருக்க மாட்டார், பட்டறைகளும் மூடப்பட்டிரா. தொழில்துறை ஒருபுறம் கடன் வழங்கியது. மாசுக் கட்டுப்பாட்டுத் துறை மறுபுறம் அறிவிக்கை அனுப்பியது. பயிற்சித் துறை வேறொருபுறம் பாடம் நடத்தியது. மூன்று துறைகளும் ஒரே பட்டறைக்கு மூன்று வாயில்களில் வந்தன. உள்ளே ஒன்றையொன்று சந்திக்கவில்லை.

இனி வகுக்கப்படும் எந்தச் சிறுதொழில் கொள்கையையும் மூன்று வினாக்களால் உரைத்துப் பார்க்கலாம். இது பட்டறையின் கையில் உரிய காலத்தில் பணம் சேர வழிசெய்கிறதா? இது பட்டறையில் உழைப்பவரை நேற்றைவிடத் திறனுடையவராகவும் பாதுகாப்புடையவராகவும் ஆக்குகிறதா? பட்டறையின் வாயிலைக் கடந்து ஓடும் நீர், அடுத்த ஊரின் வயலுக்குப் பாயத் தக்கதாக இருக்கிறதா? மூன்றிற்கும் ஆம் என்னும் விடை வந்தால் அதுவே முழுமையான கொள்கை. ஒன்றிற்கு இல்லை என்று வந்தாலும், மற்ற இரண்டும் நெடுநாள் நில்லா. வள்ளுவர் தம் நூலின் இரண்டாம் அதிகாரத்திலேயே வானின் சிறப்பை வைத்தார். இல்லறமும் அரசும் பொருளும் அதன் பின்னரே இடம்பெற்றன. நீரை முன்வைத்துப் பொருளைத் தேடும் அவ்வரிசையே நொய்யற்கரைத் தொழிலுக்கும் உரிய வரிசை.